புது ஏஎஃப்ஓ மாட்டிய குழந்தையை வீட்டுக்கு அனுப்புமுன்

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப்பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம்) வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது குதிகால். முட்டியை மடக்கி, குதிகாலைப் பின்பக்கம் அழுத்தி உட்காரவைத்து, கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குங்கள். கெண்டைக்கால் பட்டை அப்புறம்தான். வரிசை மாறினால் குதிகால் மேலே ஏறிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. உள்ளே முட்டிவரை வரும் காட்டன் சாக்ஸ், சுருக்கம் இல்லாமல்.

அரை மணி நேரம் நடக்கவிட்டுக் கழற்றுங்கள். சிவப்பு 20–30 நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் திரும்ப மாட்ட வேண்டாம். அந்த இடத்தைத் தோலிலேயே பேனாவால் வட்டமிட்டு, குழந்தை இருக்கும்போதே ஆர்த்தோடிஸ்டிடம் (ஏஎஃப்ஓ செய்து தருபவர்) காட்டுங்கள். ‘கணுக்கால் பக்கம் உறுத்துது’ என்று சீட்டு எழுதி அனுப்பினால், அவர் பிளாஸ்டிக்கை வேறெங்கோ சூடுகாட்டி விரித்துவிடுவார். (அவரும் நாமும் ஒரே கட்டடத்தில் இருப்பதன் லாபமே இப்படி நேரில் காட்ட முடிவதுதான்.)

முட்டியை நீட்டியதும் கணுக்கால் 90 பாகைக்கு வர மறுக்கிறதா? பட்டையைக் குறை சொல்லாதீர்கள். போட்டாக்ஸா (இறுகிய தசையைத் தளர்த்தும் ஊசி), தொடர் மாவுக்கட்டா (தசையைச் சிறிது சிறிதாக நீட்ட மாற்றி மாற்றிப் போடும் கட்டு) என்று மருத்துவரோடு பேச வேண்டிய கட்டம் அது.

வீட்டில் முதல் நாள் 1 மணி நேரம் போதும். தோல் நன்றாக இருந்தால் தினமும் கொஞ்சம் கூட்டலாம். ஷூ ஒரு சைஸ் பெரிதாக, உள் அட்டையை உருவிவிட்டு.