படிப்பவரும் எழுத வேண்டும்: ஐந்து சர்வரில் ஒரு பகிர்வு நினைவகம்

பகிர்வு நினைவகம் என்பது பல புரோகிராம்கள் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் பொதுப் பெட்டி. அதை ஒரே சர்வரில் வைத்தால், அந்த சர்வர் படுத்ததும் பெட்டியும் போய்விடும். ஐந்து சர்வரில் பிரதி வைத்து, எந்த இரண்டு நின்றாலும் வெளியே ஒரே பெட்டி போலத் தெரிய வைக்க முடியுமா? முடியும் என்று 1990-இல் காட்டியவர்கள் அத்தியா, பார்-நோய், டோலெவ் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும். மூவரின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து ஏபிடி என்று அழைக்கப்படும் அந்த முறைக்கு 2011-இல், பல கணினிகள் சேர்ந்து இயங்கும் முறைகள் பற்றிய ஆய்வுகளுக்கான டைக்ஸ்ட்ரா பரிசு கிடைத்தது.

ஒரு தாள் எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள்: அ, ஆ, இ, ஈ, உ. எல்லாவற்றிலும் "7, 50" என்று எழுதுங்கள். 7 வரிசை எண், 50 மதிப்பு.

படி 1: எழுதுவது

எழுதுபவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர் வரிசை எண்ணில் ஒன்று கூட்டி, "8, 70" என்று ஐந்து சர்வருக்கும் அனுப்புகிறார். தன்னிடம் உள்ளதைவிடப் பெரிய எண் வந்தால் சர்வர் மாற்றிக்கொள்ளும். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பதில் அனுப்பும். மூன்று பதில் வந்ததும் வேலை முடிந்தது. ஐந்துக்கும் காத்திருக்கக் கூடாது. பதில் தராத சர்வர் நின்றுவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஏன் மூன்று? ஐந்தில் எந்த மூன்றை இருமுறை எடுத்தாலும், ஒரு சர்வராவது இரண்டிலும் இருக்கும். இந்த முறை நிற்பதே அந்தப் பொது சர்வரை நம்பித்தான்.

படி 2: படிப்பது

ஐந்தையும் கேளுங்கள். முதலில் வரும் மூன்று பதில்களில் பெரிய வரிசை எண் எதுவோ அதை எடுங்கள்.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதில் என்ன கோளாறு என்று தாளிலேயே பார்த்துவிடலாம். "8, 70" அ-வுக்கு மட்டும் போய்ச் சேர்ந்த நிலையில் எழுதுபவர் நின்றுவிட்டார். இப்போது முதல் வாசகருக்கு அ, ஆ, இ பதில் தருகின்றன. அவர் 70 என்கிறார். அவர் முடித்த பிறகு வரும் இரண்டாம் வாசகருக்கு இ, ஈ, உ பதில் தருகின்றன. அவர் 50 என்கிறார். புதியதைக் காட்டிய பெட்டி பழையதுக்குத் திரும்பிவிட்டது. ஒரே பெட்டி இப்படி ஒருநாளும் நடந்துகொள்ளாது.

படி 3: படித்ததைத் திருப்பி எழுதுவது

முதல் வாசகர் 70 என்று சொல்வதற்கு முன், "8, 70"-ஐத் தானே ஐந்து சர்வருக்கும் அனுப்பி, மூன்று பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். அ, ஆ, இ மூன்றிலும் 8 ஏறிவிட்டதா? அ, ஆ இரண்டையும் அடித்துவிட்டு, இரண்டாம் வாசகரை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இ-யிடம் 8 இருக்கிறது, 70 வருகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எழுதுபவர் பாதியில் விட்ட வேலையை, படிக்க வந்தவர் முடித்துவைக்கிறார்.

எழுதுபவர்கள் பலர் என்றால், ஒவ்வொருவரும் முதலில் மூன்று சர்வரிடம் பெரிய எண்ணைக் கேட்டு, ஒன்று கூட்டி, கூடவே தன் அடையாள எண்ணையும் ஒட்டிக்கொண்டால் போதும். அப்போது இருவர் ஒரே 9-ஐ எடுத்தாலும், அடையாள எண்ணை வைத்து எது பெரியது என்று முடிவாகிவிடும்; குழப்பம் வராது.

சரி, மூன்று சர்வர் நின்றால்? பெட்டி தவறான மதிப்பைத் தராது; மூன்றாவது பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.