குடும்பத்தைப் பரிணாமக் கண்ணோடு ஆராயப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பரிணாம நோக்கில் மனிதக் குடும்பம், பிள்ளைப்பேறு என்று தலைப்பை எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பிள்ளைகள் நோட்டும் கையுமாகத் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிளம்புகிறார்கள். திரும்பி வந்து காட்டும் அட்டவணைகளில், நாங்கள் படித்த காலத்தில் விட்ட அதே ஓட்டைகள். கூட்டல் பிழைகளை உங்கள் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். மற்றவை இங்கே.

"இயற்கையில் இருக்கிறது, அதனால் சரி"

இல்லை. காலராவும் இயற்கைதான்.

"எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மேலூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் ஒரு மாணவி இப்படிக் கேட்க, "நாலு" என்றார் அப்பத்தா. இவளும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். நான் குறுக்கிட்டு, "மொதப் பிள்ளை எங்க பெறந்துச்சு அப்பத்தா? இப்ப எங்க இருக்கு?" என்றேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். மூத்த பையன் பேர் வைக்கும் முன்பே போய்விட்டான். அடுத்த பெண்ணுக்கு அம்மை. "பெத்தது ஒம்பது, தங்குனது நாலு" என்று முடித்தார்.

அந்த ஐந்து பேரும் தாளில் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. எத்தனை பிறந்தன, எத்தனை பிழைத்தன, இடைவெளி எவ்வளவு என்பதுதான் இந்தத் துறைக்கு மூலப்பொருள். உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணினால், பாட்டி உடனிருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு பேறாக, வரிசையாகக் கேளுங்கள். நடுவில் நாலைந்து வருடம் இடைவெளி வந்தால், தங்காமல் போனது உண்டா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

இதே இறந்த குழந்தைகள் அறிக்கை எழுதும்போதும் காலை வாருவார்கள். "ஆதி மனிதர்கள் முப்பது வயதில் செத்துப்போனார்கள், ஆகவே பாட்டி என்பதே புதுச் சங்கதி" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். 1947-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. அப்போது மதுரையில் கிழவிகளே இல்லையா? பத்துப் பேரில் நாலு பேர் பிறந்த சூட்டோடு இறந்து, ஆறு பேர் 55 வரை வாழ்ந்தால் சராசரி 33 வரும். அந்தப் பத்துப் பேரில் 33 வயதில் செத்தவர் ஒருவரும் இல்லை.

தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் சராசரி ஆயுள் முப்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் 45 வயதைத் தொட்ட பெண் மேலும் சுமார் 20 ஆண்டுகள் வாழ்கிறாள். கைக்குழந்தையால் தாய்க்குக் கை ஒழியாத நாட்களில், மூத்த பிள்ளையின் எடை பாட்டி தோண்டி வரும் கிழங்கை ஒட்டி ஏறுவதை மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் அங்கே கண்டார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் பெண் ஏன் இவ்வளவு காலம் வாழ்கிறாள் என்பதற்கு அவர்கள் முன்வைத்த பாட்டிக் கருதுகோளுக்கு, அதாவது பேரப்பிள்ளைகள் பிழைக்கப் பாட்டி உதவுவதுதான் காரணம் என்பதற்கு, இது முக்கியச் சான்று. சராசரியைத் தப்பாக வாசித்தவர் அந்தக் கேள்வியையே குப்பையில் போட்டுவிடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. உசிலம்பட்டி வட்டாரம் 1980களில் பெண்சிசுக் கொலைச் செய்திகளால் பத்திரிகைகளில் அடிபட்டது. இறந்த பெண் குழந்தையைப் பற்றி மருமகள் முன்னாலோ பக்கத்து வீட்டார் முன்னாலோ கேட்காதீர்கள், காரணம் துருவாதீர்கள். பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போட வேண்டாம்.

தாய்மாமன் சீரை ஒரே சூத்திரத்தில் அடைப்பது

காதுகுத்தில் மாமன் மடியில் பிள்ளையைப் பார்த்ததும், "தாய்வழி உறவு நிச்சயம், தந்தைவழி சந்தேகம், அதனால் மாமன் செலவழிக்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். 1964-ல் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் போட்ட உறவுக் கணக்குப்படி, பிள்ளையோடு பொதுவான மரபணு மாமனுக்கு நாலில் ஒரு பங்கு, சித்தப்பாவுக்கும் அதே நாலில் ஒன்று. தந்தைமைச் சந்தேகம் ஒரு விளக்கம், சரி. ஆனால் முறைப்பெண்ணைக் கட்டும் ஊரில் இன்று மடியில் இருக்கும் பயல் நாளைக்கு வீட்டு மாப்பிள்ளை. அப்புறம், போன விசேஷத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மொய் நோட்டில் இருக்கிறது. அதைப் புரட்டிவிட்டு மரபணுவுக்கு வாருங்கள்.

"மரபணு யோசித்து முடிவெடுக்கிறது"

யோசிக்காது.

"பிள்ளை குறைந்துவிட்டது, பரிணாமம் பொய்"

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. பரிணாமம் உண்மையென்றால் முடிந்த மட்டும் பெற வேண்டாமா என்கிறார்கள். நம் உடலும் ஆசையும் உருவான காலத்தில் கருத்தடை இல்லை. பிழைப்பது உறுதியானதும், கொஞ்சம் பெற்று நிறையச் செலவழிப்பது ஒரு விளக்கம். ஆனால் வசதி கூடக் கூடப் பிள்ளை ஏன் இவ்வளவு குறைகிறது என்பது இத்துறையில் இன்னும் தீராத வழக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரே பத்தியில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.