யூஎஃப்டபிள்யூ வழிகாட்டியைத் திருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று விதிகளால் முடிவு செய்யும் ஃபயர்வால் கருவி யூஎஃப்டபிள்யூ. அதன் வழிகாட்டியில் எழுத்துப்பிழையைவிட வரிசைப்பிழைதான் ஆபத்து. ஃபயர்வாலை இயக்கும் ‘எனேபிள்’ முன்னாலும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) இணைப்பை அனுமதிக்கும் ‘அலவ் 22/டிசிபி’ பின்னாலும் இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள். உள்ளே வரும் இணைப்புகளை மறுப்பதே யூஎஃப்டபிள்யூவின் இயல்புநிலை. எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் மறுபடி அதன் வழியே உள்ளே நுழைய வழியிருக்காது.

விதி நீக்கும் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பட்டியலில் உள்ள விதி எண்ணைக் கொண்டு ‘டெலிட் 2’, அடுத்து ‘டெலிட் 3’ என்றிருக்கும். 2 போனதும் பழைய 3 இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும். அடுத்த கட்டளை பழைய 4-ஐ அழிக்கும். ஆகவே பெரிய எண்ணிலிருந்து கீழே வரும்படி எழுதுங்கள். அதைவிட ‘டெலிட் அலவ் 22/டிசிபி’ என விதியையே குறிப்பிடுவது நல்லது. ஐபிவி4, ஐபிவி6 என்ற இருவகை இணைய முகவரிகளிலும் அந்த விதி நீங்கும். எண்ணைக் கொடுத்தால் ஒன்று மட்டுமே நீங்கும்.

‘டினை’, ‘ரிஜெக்ட்’ இரண்டுக்கும் ‘தடுக்கும்’ என்ற ஒரே விளக்கம் போதாது. டினை பதிலே தராமல் பாக்கெட்டை (வரும் தரவுத் துண்டை) கைவிடும், எதிர்முனை டைம்அவுட் வரை காத்திருக்கும். ரிஜெக்ட் மறுப்பை உடனே தெரிவிக்கும்.

திருத்திய கட்டளைகளை ‘--டிரை-ரன்’ சேர்த்து ஓட்டினால், எதுவும் மாறாமல் விளைவு மட்டும் திரையில் வரும். முழு வரிசையையும் ஒரு விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) சோதித்த பிறகே வெளியிடுங்கள்.