தோள்தையலில் தொடங்குங்கள்: இருபால் சாயலில் உடுத்தப் பழகுவோருக்கு

முதன்முதலாக இந்தப் பாணியில் உடுத்திப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய அளவுக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் கம்பீரமாக நின்றேன். தோள் இரண்டும் கைப்பக்கம் சரிந்து தொங்கின. விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று தோன்ற வேண்டும் என நினைத்தேன்; உள்ளே ஆளே இல்லை என்றுதான் தோன்றியது.

அன்று செய்த தவறு ஒன்றுதான். எதிர்ப்பாலாரின் துணியை எடுத்து மேலே போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன். உண்மையில் பார்ப்பவரின் கண் துணியின் பெயரைப் படிப்பதில்லை, கோடுகளைப் படிக்கிறது. தோள் எவ்வளவு அகலம், இடுப்பு எங்கே வளைகிறது, கழுத்தைச் சுற்றி என்ன இருக்கிறது, காதோரம் முடி எப்படி முடிகிறது, நடக்கும்போது துணி விறைப்பாக நிற்கிறதா, வழிகிறதா? இவை எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டினால் கண் உடனே தீர்ப்பு எழுதிவிடும். ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயும் கைகாட்டினால் ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடியைத்தான் நாம் தைக்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு சொல். இப்படி உடுத்துவதற்கு நீங்கள் யார் என்று யாரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை. பாலின வெளிப்பாடு, அதாவது உடையிலும் தோற்றத்திலும் வெளியே காட்டுவது வேறு; பாலின அடையாளம், அதாவது உள்ளுக்குள் தன்னை யாராக உணர்கிறோம் என்பது வேறு; யார்மீது ஈர்ப்பு என்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டுவது மற்றவர்கள் செய்யும் வேலை. சிலர் தம்மைக் கண்டுகொள்ளும் வழியாக இதற்குள் வருகிறார்கள், சிலர் வெட்டு நன்றாக இருக்கிறதே என்று வருகிறார்கள். இருவருக்கும் குண்டூசி ஒன்றுதான்.

படி 1: அலமாரியைக் கவிழ்த்துப் போடுங்கள்

எதையும் வாங்காதீர்கள். இருக்கிற துணி எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள். பார்த்தவுடன் ‘இது ஆணுடையது’ அல்லது ‘இது பெண்ணுடையது’ என்று கத்துகிற துணிகளை ஒரு பக்கம் தள்ளுங்கள். மிச்சம் இருப்பது நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய குவியலாக இருக்கும்: வெறும் டி-ஷர்ட், நேரான ஜீன்ஸ், வட்டக் கழுத்து ஸ்வெட்டர், வெள்ளைச் சட்டை. இதுதான் உங்கள் அடித்தளம். கத்துகிற குவியலிலிருந்து ஒரே ஒரு துணியை எடுத்து இவற்றோடு சேர்த்துப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

போட்டதும் கண்ணாடியை நம்பாதீர்கள். கண்ணாடியில் நாம் முகத்தைத்தான் பார்ப்போம். கைபேசியை அலமாரியின் மேல் சாய்த்து வைத்து, தலை முதல் கால் வரை விழும்படி ஒரு படம் எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் படத்தைத் திறந்து, முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். யாரோ ஒருவர் நிற்பதுபோலத் தெரியும். அந்த யாரோ ஒருவரை உங்கள் கண் எந்தப் பக்கம் ஒதுக்குகிறது, எந்த இடத்தைப் பார்த்து ஒதுக்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தைத்தான் அடுத்து மாற்ற வேண்டும்.

படி 2: தோள்தையல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சட்டையில் உடல் பகுதியும் கையும் சேரும் தையல் ஒன்று உண்டு. அது உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்தால் தோள் சதுரமாகத் தெரியும். கையின் மேல் அரை அங்குலம் இறங்கினால் இன்னும் அகலமாகத் தெரியும். மூன்று அங்குலம் இறங்கினால் என் இரவல் கோட்டு. எலும்புக்கு உள்ளே ஏறினால் தோள் குறுகிச் சரிவாகும். ஆக, அகலமான தோள் உள்ளவர் அதை மென்மையாக்க விரும்பினால் இந்தத் தையலே இல்லாத, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தைத்த கையை நாடலாம். சரிந்த தோள் உள்ளவர் மெல்லிய பஞ்சு வைத்த பிளேசரை நாடலாம்.

பெண் உடல்வாகு உள்ளவர் ஆண்கள் பிரிவில் சட்டை எடுக்கும்போது தோளுக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும், மார்புக்குப் பொருந்துவதை அல்ல. மார்பில் பொத்தான்களுக்கு இடையே வாய் பிளந்தால், உள்பக்கம் ஒரு சிறிய அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்துவிடலாம். இடுப்புக்குக் கீழே இறுக்கினால் கடைசிப் பொத்தானைத் திறந்து விடுங்கள். ஆண் உடல்வாகு உள்ளவர் பெண்கள் பிரிவில் எடுக்கும்போது சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். அக்குள் வெட்டு உயரமாக இருப்பதால் கையைத் தூக்கினால் முதுகு இழுக்கும். வாங்கும் முன் இரு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிப்பிடிப்பதுபோல் வளைத்துப் பாருங்கள். தையல் முனகினால் திருப்பி மாட்டிவிடுங்கள்.

மார்பிலிருந்தும் இடுப்பிலிருந்தும் துணியைப் பிடித்துக் கூம்பாகத் தைத்திருப்பார்களே, அந்த டார்ட்டுகள்தாம் சட்டைக்கு வளைவைத் தருகின்றன. பிரித்துவிட்டால் சட்டை நேராக விழும். ஆனால் மெல்லிய பட்டிலும் சாட்டினிலும் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். பருத்தியில் இரண்டு துவைப்பில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பொத்தான் வலப்பக்கமா இடப்பக்கமா என்று மட்டும் கவலைப்படாதீர்கள். ஆண்கள் சட்டையில் அணிபவரின் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம் என்பது வழக்கம். அதைக் கவனிக்கும் அளவுக்கு அருகில் வருபவர் உங்களை ஏற்கெனவே அறிந்தவராகத்தான் இருப்பார்.

1966-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோரான் ஆண்களின் விருந்துக் கோட்டைப் பெண்களுக்கு அணிவித்தபோது, அதை அப்படியே எடுத்து மாட்டிவிடவில்லை. இடுப்பை ஒடுக்கி, வெட்டை அணிபவரின் உடலுக்கு ஏற்ப மாற்றினார். கோடு ஆணுடையது, அளவு அவளுடையது. அதனால்தான் அது வேடமாகத் தெரியவில்லை.

வேறொரு வழியும் உண்டு. உடலின் கோட்டை அடியோடு மறைத்துவிடுவது. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ 1969-இல் தொடங்கிய ஆடை நிறுவனம் ‘காம் தே கார்சோன்’. அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் ‘பையன்களைப் போல’ என்று பொருள். ஆனால் அந்த ஆடைகள் பல ஆணைப் போலவும் இல்லை, பெண்ணைப் போலவும் இல்லை. துணியே ஓர் உருவம் எடுத்து உடலைச் சுற்றி நிற்கும். தொடக்கத்தில் இது கடினம். அளவு பெரிதான துணி உங்களை விழுங்கிவிடாமல் இருக்க, மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகிய மூன்றில் ஒன்றாவது வெளியே தெரியட்டும்.

படி 3: இடுப்புக்குக் கீழே

பாரிஸில் பெண்கள் ஆண் உடை அணியக் காவல்துறையின் அனுமதி வேண்டும் என்று 1800-இல் ஓர் ஆணை பிறந்தது. பிறகு, சைக்கிள் கைப்பிடியையோ குதிரைக் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அந்த ஆணை செல்லாது என்று அரசு வாய்விட்டுச் சொன்னது 2013-இல்தான். கால்சட்டைக்கு அவ்வளவு பயம்! இன்று யார் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே கால்சட்டை போட்டதால் மட்டும் சாயல் மாறாது. அது எங்கே உட்காருகிறது என்பதுதான் மாற்றும்.

தொப்புள் உயரத்தில் ஏறி நிற்கும் பேன்ட் இடுப்பின் ஒடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கீழே, இடுப்பெலும்பின் மேல் தங்கும் நேர்வெட்டுப் பேன்ட் அந்த ஒடுக்கத்தை மறைக்கும். முன்பக்கம் மடிப்பு வைத்த அகலமான பேன்ட் யார் இடுப்பில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே உருவம் தரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

பாவாடைப் பக்கம் வர நினைக்கும் ஆண்களுக்கு: முழங்காலுக்குக் கீழே இறங்கும், கனமான துணியில் தைத்த, கருப்பு அல்லது அடர்ந்த சாம்பல் நிறப் பாவாடை. மேலே வெறும் ஸ்வெட்டர். காலில் கனமான பூட்ஸ். முதல் நாளிலேயே சல்லாத் துணிக்குப் போனால், துணி அசையும் ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஊர் பார்க்காவிட்டாலும் நீங்கள் பார்ப்பீர்கள்.

படி 4: முடி

பாதி வேலையை முடி செய்துவிடும். ஆனால் நீளம் அல்ல, ஓரம்தான் முக்கியம். காதோரம் இறங்கும் கிருதாவை நேர்கோட்டில் வெட்டினால் ஆண் சாயல். கூர்மையாக, இழை இழையாக விட்டால் பெண் சாயல். ஒரே தலை, ஒரே நீளம், கால் அங்குல வித்தியாசத்தில் இரண்டு முகம். அதேபோல் பின்கழுத்து: சதுரமாக வெட்டுகிறார்களா, வளைவாக விடுகிறார்களா என்று பாருங்கள்.

முடி திருத்துபவரிடம் ‘ஆண் மாதிரி’, ‘பெண் மாதிரி’ என்று சொல்லாதீர்கள். ஆளுக்கொரு ஆண் மனத்தில் இருப்பான். கிருதா எப்படி, பின்கழுத்து எப்படி, மேலே எத்தனை அங்குலம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மெஷின் என்றால் அதில் மாட்டும் சீப்பின் எண்ணைச் சொல்லுங்கள். ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம். 4 என்றால் அரை அங்குலம். நான் ஒருமுறை ‘கொஞ்சம் குட்டையாக’ என்று மட்டும் சொன்னேன். இரண்டு மாதம் தொப்பியோடு திரிந்தேன்.

புருவத்தை மெலிதாக்குவது, திருத்தாமல் விடுவது இரண்டும் முகத்தை உடனே நகர்த்தும். முடி வளரும், புருவம் மெதுவாகத்தான் வளரும். அதனால் அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

படி 5: காலணியும் சில்லறைகளும்

பாரசீகக் குதிரைவீரர்கள், சேணத்தில் தொங்கும் கால்மிதியான அங்கவடியில் கால் வழுக்காமல் இருக்கக் குதியுயர்ந்த காலணி அணிந்தார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய், பதினான்காம் லூயி மன்னனின் சிவப்புக் குதிகால் ஆயிற்று. ஆகவே ‘இது பெண்கள் செருப்பு’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள். கைக்கடிகாரம், ஒற்றைக் காதணி, விரல் நகத்தில் மங்கலான நிறம் ஆகியவற்றில் எது பிடிக்கிறதோ அது. உடையின் மற்ற பகுதி கைகாட்டும் திசைக்கு எதிராக ஒன்று இருந்தால் போதும்.

கவனம் தேவைப்படும் ஓர் இடம்

மார்பைத் தட்டையாகக் காட்ட விரும்புவோர் எலாஸ்டிக் கட்டுத்துணியையோ ஒட்டும் நாடாவையோ சுற்றவே கூடாது. மூச்சு விடும்போது அவை நெகிழாமல் இறுகி, விலா எலும்பைப் பாதிக்கும். இதற்கென்றே தைத்த, சரியான அளவுள்ள உள்ளாடையைத்தான் அணிய வேண்டும். அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உறக்கத்திலும் உடற்பயிற்சியிலும் வேண்டாம். வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அக்கணமே கழற்றுங்கள். சாதாரண நாளுக்கு அடர்ந்த நிறச் சட்டை, மார்பில் பை வைத்த சட்டை, மேலே திறந்த ஓவர்ஷர்ட் ஆகியவையே போதும்.

படி 6: வெளியே

முதல் நாள் பழகிய இடத்துக்கு, பழகிய ஒருவரோடு போங்கள். வீட்டிலோ வேலையிலோ உங்களுக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் முழு உடை வேண்டாம். மேலே போட்டுக் கழற்றக்கூடிய ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேசர் பைக்குள் போகும், முடி போகாது.

பேச்சு விஷயத்தில் தமிழ் நமக்கு நல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறது. ‘நான் வந்தேன்’ என்பதில் பால் இல்லை. ‘நீங்கள்’ என்பதிலும் இல்லை. ‘அவர் வந்தார்’ என்பது யாருக்கும் பொருந்தும். மாணவி, நடிகை என்று சொல்லாமல் மாணவர், நடிகர் என்றாலே போதும். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எழுதுபவர் ஆணா, பெண்ணா என்று உங்களுக்குத் தெரியுமா?

போன வாரம் அந்த இரவல் கோட்டை உரியவரிடமே விலைக்கு வாங்கி, தோளைக் குறுக்கத் தையல்காரரிடம் கொடுத்தேன். ‘வாங்க சார்’ என்று தொடங்கியவர், அளவு நாடாவைத் தோளில் வைத்ததும் நிறுத்தி, ‘உட்காருங்க மேடம்’ என்றார். பிறகு தானே குழம்பி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கையை மட்டும் இன்னும் அரை அங்குலம் குறைக்கச் சொன்னேன்.