மாமியார் வற்றல் அள்ள வரும்போது டாக்டரிடம் பேசினால்

குடியாத்தம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருத்தி, கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் ஆன்லைனில் ஒரு பெண் டாக்டரைப் பிடித்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். சரி, மொட்டைமாடியில் பேசலாம் என்று போனாள். "உறவின்போது உயிர் போற வலி மேடம்" என்று ஆரம்பித்த நேரம் மாமியார் வற்றல் அள்ள மேலே வந்தார். "இப்போ பரவாயில்லைங்க" என்று முடித்துவிட்டாள். டாக்டரும் அதைத்தானே எழுதிக்கொள்வார்?

முதல் தவறு இந்த இடம்தான். இதைவிட மோசம், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது. சேர்ந்து பேசவும் ஒரு நாள் வரும். முதல் பேச்சு தனியாக இருக்கட்டும்.

அடுத்தது, வலியெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, கவுன்சலிங் போதும் என்று நினைப்பது. பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசை தானாகவே இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்றால் கவுன்சலிங், தசையைத் தளர்த்தும் பயிற்சி, உறுப்பை மெல்ல விரியப் பழக்கும் டைலேட்டர் குழாய்களைப் படிப்படியாகப் பயன்படுத்துவது என்று பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தொற்று, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிலக்கு நின்ற பிறகும் வரும் வறட்சி, இவையும் வலிக்கும். போன் திரையில் இதெல்லாம் தெரியாது. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால் "உடம்பு சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். இன்றைய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தவர் அவர்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு கூச்சப்படுவதா?

சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். அதற்காக நீங்களே நிறுத்திவிடவும் கூடாது.

அப்புறம், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்த்தவர்கள் இப்போது ரீல்ஸுக்கு வந்துவிட்டார்கள். போனிலும் ஆன்லைனிலும் வைத்தியம் பார்ப்பதற்கான 2020 டெலிமெடிசின் நெறிமுறைப்படி டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைக் கேளுங்கள். எண் கேட்டதும் கோபப்படுபவர், அந்தரங்கப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவர், இருவரையும் அங்கேயே பிளாக் செய்யுங்கள்.

குடியாத்தத்துப் பெண் அடுத்த முறை காட்பாடியில் அக்கா வீட்டில், கதவைச் சாத்தி, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு பேசினாள். எங்கே மறந்துவிடுவோமோ என்று மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். முதல் வரி: "பரவாயில்லைன்னு போன தடவை சொன்னது பொய்."