பழைய டிஸ்க் வண்டியின் முன் பிரேக்கை மலை ரோட்டுக்குத் தயார் செய்வது எப்படி?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் பாடுபடும், இறங்கும்போது பிரேக் பாடுபடும். கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் புகார் இது: “பாதி மலை இறங்குனதும் லிவர் கைப்பிடி வரைக்கும் போயிருதுண்ணே. கீழ வந்து மெக்கானிக்கிட்ட காட்டுனா நல்லாத்தான் இருக்கு.”

இரண்டுமே உண்மைதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ தரத்தில் வரும் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி வரும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கும். அதனால்தான் லிவர் உள்ளே போகிறது. ஊருக்குள் வருவதற்குள் சூடு ஆறி லிவர் பழையபடி கெட்டியாகிவிடும்.

இதற்குப் பெரிய டிஸ்க் போடச் சொல்பவர்கள் உண்டு. 240 மி.மீ. இருந்த இடத்தில் 260 வைத்தால் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தாங்கியையும் மாற்ற வேண்டும். காலிப்பரே பெரிதானால் லிவர் பக்கத்தில் இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் அதற்குப் பற்றாது. வண்டியை மாற்றிக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. மாற்றிக் கட்டிய வண்டிகள் விஷயத்தில் கேரள அதிகாரிகள் கறார். என்னைக் கேட்டால் டிஸ்க் அப்படியே இருக்கட்டும். ஹோஸ் (ஆயில் போகும் குழாய்), சீல், பேடு, ஆயில் நான்கையும் மாற்றுங்கள்.

வாங்க வேண்டியவை: உங்கள் மாடலுக்கான காலிப்பர் சீல் கிட், பிரேக் பேடு, சீல் உடைக்காத டாட் 4 பாட்டில், புது காப்பர் வாஷர் நான்கு, ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். ரப்பர் ஹோஸ் வயதானால் அழுத்தத்தில் லேசாக உப்பும், ஸ்டீல் பின்னல் அதைத் தடுக்கும். ஹோஸ் பழையதன் நீளமே இருக்கட்டும். ஹோஸ் முனை வளையமான பேஞ்சோவை இறுக்கும் போல்ட்டின் மரையையும் பாருங்கள். 10 மி.மீ. போல்ட்டில் 1.0, 1.25 என்று இரண்டு பிட்ச் (மரை இடைவெளி) புழக்கத்தில் இருக்கிறது. மாற்றி முறுக்கினால் காலிப்பர் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. உலோகப் பொடியை அழுத்திச் செய்யும் சின்டர்டு பேடு எல்லா டிஸ்க்குக்கும் ஒத்துவராது. கம்பெனி பேடே போதும்.

முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுசுதான், வேறு வழியில்லை.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க்கை ஈரத்துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காலிப்பர் போல்ட் இரண்டையும் கழற்றிப் பேடை எடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள்.

இப்போது ஹோஸைக் கழற்றிவிடாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். காலிப்பருக்குள் ஒரு மரத்துண்டை வைத்து, கீழே ஒரு தட்டும் வைத்து, லிவரை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டன் தானாக வெளியே வரும். ஹோஸை முதலில் கழற்றிவிட்டால், இறுகிப்போன பிஸ்டனை எடுக்கப் பிளையரைத் தேட வேண்டியிருக்கும், பிஸ்டனில் கீறல் விழும்.

பழைய சீல்களை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, அவை இருந்த பள்ளத்தில் படிந்த அழுக்கைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதே இந்த ரப்பர் சீல்தான். அது கெட்டித்துப்போனால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், ஆயில் கொதிக்கும். பெட்ரோல், டீசல், சாதா கிரீஸ் எதுவும் சீலில் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலைத் தடவி சீலையும் பிஸ்டனையும் கையாலேயே அமுக்கிப் பொருத்துங்கள். காலிப்பர் நகரும் பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ்.

அடுத்து ஹோஸ். பேஞ்சோவின் இருபக்கமும் ஒவ்வொரு காப்பர் வாஷர். பழைய வாஷரைத் திரும்பப் போட வேண்டாம். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஹேண்டிலை இரு ஓரமும் திருப்பி, ஃபோர்க்கை அமுக்கி, ஹோஸ் எங்கேயாவது இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பாருங்கள். பேடு, காலிப்பர் மாட்டுவது கழற்றிய வரிசைக்கு நேர்மாறு.

உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் ஆயில் ஊற்றி, காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூப் மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்குங்கள். லிவரை மெல்ல நாலைந்து தடவை அடித்து, அமுக்கிப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள், குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் மறுபடி முதலிலிருந்து. குமிழி நின்றும் லிவர் பஞ்சு மாதிரி இருந்தால், மாஸ்டர் சிலிண்டர் உயர்ந்து நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பி, லிவரைப் பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். மிச்சக் காற்று பெரும்பாலும் மேலே ஏறிவிடும்.

லிவரை ஒரு நிமிடம் பலமாகப் பிடித்து, கசிவு இருக்கிறதா என்று இரண்டு பேஞ்சோவையும் தடவிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். முதல் தடவை என்றால் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டிவிடுங்கள். பிறகு சமதள ரோட்டில், பின்னால் வண்டி வராத நேரத்தில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்குக் குறைப்பதை இருபது தடவையாவது, இடையில் ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யுங்கள். பேடு படிந்த பிறகே மலை.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இருந்தால் இந்தச் செலவெல்லாம் வீண். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

டிரம் பிரேக் வண்டிக்காரர்கள் ஷூவும் கேபிளும் புதுசாகப் போட்டு, டிரம்மைச் சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும். டிஸ்க்காக மாற்ற ஹப், ஃபோர்க் கால் எல்லாம் மாற வேண்டும். அது வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

ஒரு வாரம் ஓட்டியபின் டப்பாவைப் பாருங்கள். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் மாதக்கணக்கில் சிறுகச் சிறுக இறங்கும். ஒரே வாரத்தில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாட்டிலில் மிஞ்சியதை அதுவரை எடுத்துவைக்க வேண்டாம், அதிலும் ஈரம் ஏறியிருக்கும்.