செட்டிநாட்டு வீட்டில் ஒரு டிராகன்: முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு

டிராகன் கதைக்குப் பனிமலையும் கற்கோட்டையும் வேண்டியதில்லை. காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு போதும். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வரைவு தேறவில்லை; ஏன் என்று கீழே வருகிறது.

படி 1: எந்த டிராகன்?
ஐரோப்பியக் கதைகளில் அது நெருப்பைக் கக்கும், புதையலைக் காக்கும். சீனக் கதைகளில் தண்ணீருக்கும் மழைக்கும் உரியது. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளி வேறு இனம், இரண்டையும் குழப்ப வேண்டாம். வானம் பார்த்த இந்தச் சீமைக்கு நான் மழை டிராகனை எடுத்துக்கொண்டேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயா (தாத்தா), பர்மாத் தேக்கோடு ஒரு முட்டையையும் கப்பலில் ஏற்றிவிட்டார். பெல்ஜியம் கண்ணாடி வந்த ஊருக்கு முட்டை வராதா?

படி 2: அதனால் முடியாதது என்ன?
டிராகனின் சக்திகளைப் பக்கம் பக்கமாக எழுதுவது சுகமான வேலை. கதைக்கு உதவுவது அதனால் முடியாத ஒன்றுதான். என் டிராகன் தண்ணீர் ஓடும் வழியில் மட்டுமே நகரும். காய்ந்த தரையை அதனால் தாண்ட முடியாது.

படி 3: வீட்டை வரையுங்கள்
முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம் உள்ள கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. தாளில் வரைந்து, மழைநீர் போகும் வழியை அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள்: ஓட்டுச் சரிவு, வளவு வாசல் (திறந்த முற்றம்), சலதாரை (தண்ணீர் வெளியேறும் வடிகால்), கடைசியில் ஊருணி. டிராகன் போகும் பாதையும் அதுவே.

படி 4: கெட்டிக்காரி
நான் வழுக்கியது இங்கேதான். என் கதாநாயகி உமையாளுக்குப் பதினைந்து வயது, மகா புத்திசாலி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பெட்டகத்திலிருந்து ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது, அதில் விடை இருந்தது. இதில் அவள் கெட்டிக்காரத்தனம் எங்கே?

இங்கே ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் தரையில் பதிக்கும் வண்ணக் கல் செய்கிறவர்களைப் பாருங்கள். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து வண்ணக் கலவையைத்தான் முதலில் ஊற்றுவார்கள். மணலும் சிமெண்டும் அதற்குப் பிறகு. கடைசியில் நாம் பார்க்கப்போகும் முகம் முதலிலேயே தயார். அதுபோல முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு வேண்டிய துப்பைப் பின்னோக்கிப் போய் வையுங்கள்.

என் முடிவு இது: பங்கு பிரித்தபோது யாரோ சலதாரையை அடைத்துப் பூசிவிட்டார்கள், டிராகன் வளவுக்குள் சிக்கிக்கொண்டது. உமையாள் பூச்சை உடைத்து அதை ஊருணிக்கு அனுப்புகிறாள். அதற்கான துப்பு இரண்டாம் அத்தியாயத்தில், ஒரு வசவுக்குள் ஒளிந்திருக்கிறது:

“சலதாரையை எத்தனை தடவைதான் கூட்டுறது? தண்ணி இறங்கவே மாட்டேங்குது ஆத்தா!” என்று அப்பத்தா அலுத்துக்கொள்கிறார்.

வாசிப்பவருக்கு அது கிழவியின் புலம்பல். உமையாளுக்கும் அன்று அப்படித்தான். அவள் பிறகு யோசிக்கிறாள், அவ்வளவே.

படி 5: படிக்கக் கொடுங்கள்
பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, சலதாரை அடைபட்டிருப்பதை எந்தப் பக்கத்தில் ஊகித்தார் என்று மட்டும் கேளுங்கள். உமையாளுக்கு ரொம்ப முன்னாலேயே என்றால் அப்பத்தாவின் பேச்சைக் குறையுங்கள். கடைசிவரை தெரியவில்லை என்றால் நடுவில் அவரை இன்னொரு தடவை புலம்ப விடுங்கள்.